யானைக் காசுக்கு மிரர் ஃபினிஷ்

பழைய காசு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் என்ன செய்வீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள், புளி போட்டுத் தேய்ப்பீர்கள்தானே? முனிவேல் அதோடு நின்றிருக்கலாம். அவன் பஃபிங் செய்தான்.

மூக்கண்டப்பள்ளியில் ஒரு கம்பெனியில் அவனுக்கு அதுதான் வேலை. சுழலும் துணிச் சக்கரத்தில் உலோகத்தை வைத்து முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்க வேண்டும். கம்பெனியில் அதை மிரர் ஃபினிஷ் என்பார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர்ச் சொம்பைத் திருப்பிப் பார்த்து, "ஃபினிஷிங் சரியில்ல" என்று சொன்னவன் அவன். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போச்சம்பள்ளிப் பக்கம் இருக்கும் சொந்த ஊருக்குப் போவான். ஆன்லைனில் வாங்கிய மெட்டல் டிடெக்டரோடு, தூர்வாரிக் கொட்டிய ஏரி மண்ணில் நடப்பான். சோடா மூடியும் லாடமும்தான் கிடைக்கும். அவற்றைச் சாலையோரம் பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் ஷேக் தாவூத்திடம் போட்டுவிட்டு டீ குடிப்பான்.

போன மாதம், தாவூத் பள்ளம் தூர்க்கக் கடைக்குப் பின்னால் கொட்டி வைத்திருந்த ஏரி மண்ணில் டிடெக்டர் கத்தியது. பச்சை பிடித்த செப்புக் காசு. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் எழுத்து.

தாவூத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பார்சி எழுத்துப்பா. 'பட்டன்'னு கீது பாரு. சீரங்கப்பட்டணத்துல அடிச்ச திப்பு காசு. தேய்க்காத, சும்மா தண்ணில ஊறப்போடு."

"இவ்ளோ அசிங்கமா கீறத யாருக்கு பாய் காட்டறது? ஒரு ஃபினிஷிங் குடுத்துட்டு வரேன்."

மறுவாரம் கொண்டுவந்தான். எழுத்து இருந்த பக்கத்தில் தாவூத்தின் தாடி தெளிவாகத் தெரிந்தது. எழுத்துதான் இல்லை. யானை மட்டும் பச்சையோடு பத்திரமாக இருந்தது.

"இந்தப் பக்கத்த மட்டும் ஏண்டா விட்ட?"

"சாமி கீற பக்கத்த யாராச்சும் மெஷின்ல வப்பாங்களா பாய்?"

காசைப் பார்க்க ஊர் திரண்டது. நாலு காலும் வாலும் உள்ள யானை, சாயங்காலத்துக்குள் பிள்ளையார் ஆகிவிட்டது. பிள்ளையாருக்கு எப்போது வால் முளைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தாவூத்தின் கடைக்கு அடியில் பழைய கோயில் புதைந்திருக்கிறது, அமாவாசைக்குள் காலி செய்யவேண்டும் என்று கோயில் கமிட்டித் தலைவர் மாரிசாமி ஊர்க் கூட்டத்தில் அறிவித்தார்.

தாவூத் பட்டாவைக் காட்டினார்.

"பட்டா கவர்மெண்டு குடுத்தது பாய். காசு ஆண்டவன் குடுத்தது."

"மண்ணு ஏரியிலருந்து லாரில வந்துச்சு தலைவரே. கோயிலும் லாரிலயா வந்துச்சு?"

சிரித்தவர்களும் காலி செய்யச் சொல்லிக் கையைத் தூக்கினார்கள்.

முனிவேல் எழுந்து நின்றான். "அதுல எழுத்து இருந்துச்சு. நாந்தான் அழிச்சிட்டேன்."

"எங்க, படி பாக்கலாம்" என்று மாரிசாமி காசை வாங்கித் திருப்பினார். அதில் அவர் மீசை தெரிந்தது. ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "எழுத்தக் காணோமே" என்றார். தாவூத் படித்தாரே என்றதற்கு, "கடையும் அவருது, சாட்சியும் அவரா?" என்று கேட்டார். நியாயத்தில் இவ்வளவு அக்கறை அவருக்கு அன்றுதான் வந்தது.

யானையை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. திப்புவும் காசில் யானை போட்டார், பின்னால் மைசூர் உடையாரும் போட்டார். யார் அடித்தது என்பதை மறுபக்கத்து எழுத்துதான் சொல்லும். யார் அடித்திருந்தாலும் அது சந்தையில் உப்பும் மிளகாயும் வாங்கிய சில்லறை. அந்தச் சில்லறையைக் காட்டித்தான் ஒரு மனிதனின் பிழைப்பைப் பிடுங்கப் போகிறார்கள்.

முனிவேல் லீவு போட்டுவிட்டு மிச்சமிருக்கும் மண்ணைச் சலித்துக்கொண்டிருக்கிறான். இதுவரை சோடா மூடிதான். தாவூத்தின் மனு தாசில்தார் மேசையில் கிடக்கிறது.

அந்த ஏரி வண்டலை டிராக்டர் டிராக்டராக அள்ளிப் போய்த் தங்கள் நிலத்தில் கொட்டியவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். போய்க் கிளறிப் பாருங்கள். எழுத்துள்ள யானைக் காசு ஒன்று தென்பட்டால் மண்ணைக்கூடத் தட்டாமல் காகிதத்தில் மடித்து, அமாவாசைக்கு முன் தாசில்தாரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த ஏரி மண்ணில் கிடைத்தது என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.