விற்காமல் வைத்திருந்த பைக்

ஐம்பதை நெருங்கும் வயதில் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. கல்லூரியில் சரித்திரம் சொல்லித்தருகிறவன் நான். பேரரசுகளின் வீழ்ச்சிக்குச் சட்டென்று உதாரணம் கிடைக்காதபோதெல்லாம் அவர்களை இழுத்துக்கொள்வேன், வகுப்பு சிரிக்கும். பிறகு ஒருநாள் நானே அலங்காநல்லூருக்குப் பஸ் ஏறிப் போய் ஒன்றை வாங்கினேன். வகுப்பில் வேறு உதாரணம் தேட வேண்டியதாயிற்று.

விற்றவர் ஓர் இளைஞர். துபாயில் வேலை கிடைத்துக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாட்டுக் கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்டு, அதன் கீழே பைக்கை நிறுத்தியிருந்தார். நல்ல சிவப்பு. பின்பக்கத்தைத் தூக்கி, முன்பக்கம் குனிந்து, யாராவது அதட்டினால் பாய்ந்துவிடும் என்பதுபோல் நின்றது. சாவியைக் கொடுக்கும் முன் அதில் கோத்திருந்த கறுப்புக் கயிற்றை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாடு விற்கிறவர்கள் மாட்டைத்தான் கொடுப்பார்கள், கயிற்றைக் கொடுக்கமாட்டார்கள். அந்த வழக்கம் பைக்குக்கும் உண்டென்று அன்றுதான் பார்த்தேன்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. நீங்க விக்கிறதா இருந்தா வேற யாருக்கும் குடுத்துராதீக. நான் திரும்பி வந்து நானே வாங்கிக்கிறேன்."

"வேற யாருக்கும் குடுக்கமாட்டேன் தம்பி. உங்களுக்குத்தான்."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அவருடைய அம்மா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "காளைய வித்தன்னைக்குக்கூட இம்புட்டு மூஞ்சியத் தூக்கலடா நீ. அதேன் வாத்தியாரு வாக்குக் குடுத்துட்டாருல்ல? வந்து சோத்தத் தின்னு."

கோச்சடையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் மணிக்கட்டு, கழுத்து, இடுப்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக ராஜினாமா கொடுத்திருந்தன. அந்த வண்டியில் உட்காருவதென்றால் பெட்ரோல் டேங்க்மேல் கவிழ்ந்து படுத்து, தலையை மட்டும் ஆமைபோல் தூக்கிப் பார்க்கவேண்டும். கேட்டைத் திறந்த என் மனைவி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன, தரையில எதையாச்சும் தேடுறீங்களா? இறங்குங்க."

"இறங்க முடியல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழக்குயில்குடிவரை போனேன். வீட்டிலிருந்து பக்கம்தான். போய்ச் சேர்ந்ததும் மலையடிவாரத்தில் ஒரு பாறைமேல் மல்லாந்து படுத்துவிட்டேன். அந்த மலையில் சமணத் துறவிகள் கிடந்த கல் படுக்கைகள் இருக்கின்றன. உடம்பை வருத்திக்கொள்ளத்தான் அவர்கள் கல்லில் படுத்தார்கள் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். என் இடுப்புக்கு அன்று அந்தப் பாறை இலவம்பஞ்சு மெத்தையாக இருந்தது. இப்படி ஒரு பைக் கிடைத்திருந்தால் அவர்கள் மலை ஏறியிருக்கவே வேண்டாம்.

வண்டிக்கு ஏற்றபடி என்னை மாற்றுவது நடக்காது என்று புரிந்தது. எனக்கேற்றபடி வண்டியை மாற்றலாம் என்று தோன்றியது. பெரும்பாலான மனிதர்கள் செய்வதுதான். நான் மெக்கானிக்கை வைத்துச் செய்தேன்.

முதலில் ஹேண்டில்பார். தாழ்ந்து கிடந்ததைக் கழற்றிவிட்டு உயரமாக ஒன்று போட்டார். அதற்குப் பழைய கேபிள்கள் எட்டவில்லை, நீளமாக வாங்கினோம். நிமிர்ந்து உட்கார்ந்ததும் காற்று நேராக நெஞ்சில் அறைந்தது. முன்னால் உயரமான கண்ணாடி வைத்தோம். உடம்பின் பாரமெல்லாம் சீட்டில் இறங்கியது. சீட் தைக்கும் கடையில் ஸ்பாஞ்சை மாற்றி, அகலமாக்கி, புது ரெக்சின் போட்டோம். அகலமான சீட்டில் உட்கார்ந்தவனுக்குக் கால் பின்னால் மடங்கியிருப்பது உறுத்தியது. கால் வைக்கும் கம்பி முன்னால் வந்தது. "நீங்க கிளம்புனா தெருவே எந்திரிக்குது" என்றார் மனைவி. சைலன்சரும் சாதுவானது. ஒவ்வொரு சௌகரியமும் தனக்குத் துணையாக இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.

கடைசியாக, தூரப் பயணங்களுக்காக இரண்டு பக்கமும் பெட்டிகள். அவற்றை மாட்டவேண்டுமென்றால் தூக்கி நிற்கும் பின்பக்கத்தை வெட்டித் தாழ்த்தி, கம்பி வைத்து வெல்டிங் செய்யவேண்டும் என்றார் மெக்கானிக்.

"அண்ணே, வெட்டுனா வெட்டுனதுதேன். நல்லா யோசிச்சுக்கங்க."

யோசித்தேன். கொடைக்கானலைப் பற்றி யோசித்தேன். பெட்டிகளில் எந்தெந்தப் புத்தகங்களை வைத்துக்கொள்ளலாம் என்று யோசித்தேன். "வெட்டுங்க" என்றேன்.

வெல்டிங் சூட்டில் பெயின்ட் பொரிந்துபோனதால் முழுவதும் புதிதாக அடிக்கவேண்டி வந்தது. வாத்தியாருக்குச் சிவப்பு எதற்கென்று சாம்பல் நிறம் சொன்னேன்.

கழற்றிய சாமான்களெல்லாம் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் கிடந்தன. பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மனைவி கேட்டார். "இந்த இரும்ப என்ன செய்ய?" நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "என்னவோ செய்" என்றேன். பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் அண்டா கொடுத்துவிட்டுப் போனார். நல்ல அண்டா. இன்னும் இருக்கிறது.

இந்த மூன்று வருடமும் துபாயிலிருந்து அந்த இளைஞர் பொங்கலுக்குப் பொங்கல் வாட்ஸ்அப்பில் விசாரிப்பார். "வண்டி எப்பிடிண்ணே இருக்கு?" நன்றாக இருக்கிறது, உங்களுக்காகவே வைத்திருக்கிறேன் என்று எழுதுவேன். அதில் பொய் ஏதுமில்லை. இடையில் இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். கொடுக்க முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று கொஞ்சம் கர்வத்தோடே சொன்னேன். ஒருமுறை அவர் படம் கேட்டார். வாங்கிய அன்று எடுத்த படம் போனில் இருந்தது, அதை அனுப்பினேன். எப்போது எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாசி மாதம் அவர் ஊருக்கே திரும்பிவிட்டார். வந்த இரண்டாம் நாள் கோச்சடைக்கு வந்து நின்றார். கையில் பேரீச்சம்பழ டப்பா, தோளில் ஒரு பை, பஸ்ஸில் வந்திருந்தார். போகும்போது வண்டியில் போகிற உத்தேசம். வாசலில் பைக் நின்றது. டப்பாவை என்னிடம் கொடுப்பதற்காகத் தோள்பையைக் கழற்றி அதன் ஹேண்டில்பாரில் மாட்டினார். பிறகு எனக்குப் பின்னால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"வண்டி உள்ள நிக்கிதாண்ணே?"

"இதுதான் தம்பி."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தார். அப்படியே பின்பக்கம் வந்து, வெட்டி ஒட்டிய இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார். பையை எடுத்துவிட்டுச் சாவியை வாங்கி ஒரு சுற்று போய் வந்தார். வண்டி தெருமுனை திரும்பியதும் சத்தமே கேட்கவில்லை. போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை.

"சொகமா இருக்குண்ணே" என்றார்.

இத்தனை வருடம் எத்தனையோ பேர் அதே வார்த்தையைச் சொல்லி நான் மகிழ்ந்திருக்கிறேன்.

"தம்பி, பழைய ஹேண்டில் வாங்கி மாட்டிரலாம். சிவப்பு அடிச்சிரலாம். எல்லாம் என் பொறுப்பு."

"பின்னாடி வெட்டிட்டீகளேண்ணே."

"அதுக்கும் ஏதாவது..."

"வேணாம்ணே. உங்களுக்கு நல்லாத்தான இருக்கு? ஓட்டுங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். முதுகெலும்பின் தேய்மானத்தைப் பற்றி என்னிடம் கைவசம் நிறையச் செய்தி உண்டு. அவர் ஓட்டச் சொல்லிவிட்டதால் அதெல்லாம் வீணாயிற்று.

அப்போது அவருடைய போன் அடித்தது. அம்மா, வீடியோவில். ஊரே கேட்கிற குரல்.

"என்னடா, வண்டியப் பாத்துட்டியா? எங்க, காட்டு, காட்டு."

அவர் போனைத் திருப்பவில்லை. வண்டிக்கு முதுகைக் காட்டி நகர்ந்து, எங்கள் காம்பவுண்டுச் சுவர் மட்டும் பின்னால் தெரியும்படி நின்றுகொண்டார்.

"இல்லம்மா. அண்ணே வித்துட்டாராம்."

"வித்துட்டாரா? வாக்குக் குடுத்தாரேடா! படிச்ச மனுசன் பேச்சு அம்புட்டுத்தானா?"

"விடும்மா. அவருக்கு என்ன கஷ்டமோ. நான் சாப்பாட்டுக்கு வந்துருவேன்."

போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீகண்ணே. அம்மா தெனமும் அதத் தொடச்சு வச்சவுக. இப்பிடிப் பாக்க வேணாம். நான் வாரேன்."

நான் விற்கவே இல்லை என்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சாட்சி பக்கத்திலேயே நின்றது. அந்தச் சாட்சியைக் காட்டுவதற்கு விற்றுவிட்டேன் என்ற பெயரே மேல் என்று எனக்கும் பட்டது. பஸ் நிறுத்தம்வரை அவருடன் நடந்தேன். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

கொடைக்கானலுக்கு இப்போது இரண்டு முறை போய்வந்துவிட்டேன். இடுப்பு வலி இல்லை. வடக்கே போகவேண்டியிருந்தால் மட்டும் அலங்காநல்லூரைத் தவிர்த்துச் சுற்றிப் போகிறேன். அவ்வளவு பயப்படத் தேவையில்லைதான். அந்த அம்மா ரோட்டோரம் நின்றாலும், வாக்குத் தவறிய வாத்தியார் யாருடைய வண்டியிலோ போகிறான் என்றுதான் நினைப்பார்.