காலிப் பெட்டி நாடகம்

என் தோழி பல்கலைக்கழகத்தில் கணக்கியலை நாடகம் போட்டுத்தான் நடத்துவாள். ஒருவன் முதலாளி, ஒருத்தி ஆடிட்டர், ஒருவன் கணக்காளர். வசனம் கிடையாது. நிலைமையைச் சொல்லி மேடையில் இறக்கிவிடுவாள், வேடத்துக்கு ஏற்றபடி அவரவரே பேசிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் வைத்த பெயர் ‘டைரக்டர் மேடம்’.

அதற்கு முன்னால் அவள் ஒரு மின்விசிறிக் கிடங்கில் கணக்காளர். சரக்கு அதிகம் இருப்பதாக வங்கிக்குக் காட்ட, முதலாளி காலி அட்டைப்பெட்டிகளை ஒட்டி அடுக்கிவிட்டு, சரக்குப் பட்டியலை நீட்டி, “நீ நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி, கையெழுத்துப் போடும்மா” என்றார். போட்டாள். ஆடிட்டர் ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்ததும், “எனக்கு ஒண்ணும் தெரியாது சார், எல்லாம் இந்தப் பொண்ணு வேலை” என்று முதலாளி கையை விரித்துவிட்டார். வேலை போனது. எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்கவில்லை. மறுபடி படித்து ஆசிரியை ஆனாள். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.

இந்த ஆண்டு அந்த முதலாளியின் மகன் அவள் வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

“பையன் என்னடி பாவம் பண்ணான்?” என்றேன்.

“அவன ஒண்ணும் பண்ண மாட்டேன். அவங்கப்பன் வாயத் தொறக்கணும், அவ்வளவுதான்.”

ஆண்டு நிகழ்ச்சிக்குப் பெற்றோரை அழைத்தாள். மகனுக்குக் கணக்காளர் வேடம். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்தார். மேடையில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தும் மனிதருக்கு எதுவும் உறைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடிட்டர் வேடத்துப் பெண் ஒரு பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கினாள். முதலாளி வேடத்துப் பையன், “எல்லாம் கணக்காளர் பண்ணது” என்று நழுவினான்.

“சார்தான் கையெழுத்துப் போடச் சொன்னாரு,” என்றான் மகன்.

“சாட்சி இருக்கா?” என்றாள் ஆடிட்டர்.

“இல்ல.”

“அப்போ நீதான் பொறுப்பு. வேலைய விட்டுக் கிளம்பு.”

அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். “அதெப்படிம்மா? முதலாளி சொல்லாம எந்தக் கணக்காளன் காலிப் பெட்டிக்குக் கையெழுத்துப் போடுவான்? சம்பளத்துக்கு இருக்கறவன் தலையில கட்டிட்டா ஆச்சா?”

அரங்கம் கைதட்டியது. ஓரத்தில் நின்றிருந்த என் தோழி மேடைக்கு நடுவே வந்தாள். அவர் அவளை உற்றுப் பார்த்தார். முகம் செத்துப்போனது. மெல்ல உட்காரப் பார்த்தார்.

“உக்காராதீங்க சார்,” என்றாள். “ஆடிட்டர் எழுதிக்கணும். இப்ப சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க.”

மேடையிலிருந்து மகனும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.