அந்த விடுதிக்கு எத்தனை நட்சத்திரம்

வெள்ளைத் துண்டை மடித்து யானை செய்து கட்டிலின் நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். தும்பிக்கை மேலே தூக்கியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பொட்டு ஒட்டியிருந்தது. குழந்தை வருகிறாள் என்று தம்பி முன்கூட்டியே போன் செய்து சொன்னதற்காக விடுதிக்காரர்கள் செய்து வைத்த ஏற்பாடு அது. கதவைத் திறந்துவிட்டு அவன் ஒதுங்கி நின்று மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் யானையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அத்தை, இதை எங்க எடுத்து வைக்கணும்?" என்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் வை என்றேன். மடிப்புக் கலையாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் நாற்காலியில் வைத்தாள். திரும்பி வந்து கட்டில் ஓரத்தில், விரிப்புக் கசங்கிவிடக் கூடாது என்பதுபோல் உட்கார்ந்தாள். முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளி அப்படித்தான் உட்காருவாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தம்பி சிரித்துக்கொண்டே ஏ.சி. ரிமோட்டைத் தேட ஆரம்பித்தான்.

அறையை என் போனிலிருந்து பதிவு செய்ததால், தங்கியது எப்படி இருந்தது, மதிப்புரை எழுதுங்கள் என்று இன்றைக்கும் எனக்குத்தான் செய்தி வருகிறது. கீழே நிறம் போடாத நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். மிக்சிக்கும் சேலைக் கடைக்கும் நான் தயங்காமல் நட்சத்திரம் போட்டவள்தான். இதற்கு மட்டும் விரல் போக மாட்டேன் என்கிறது. ஒரு குறையும் இல்லாத விடுதி என்பதுதான் சங்கடம்.

காரைக்குடிக்கு வெளியே, பெரிய கன்வென்ஷன் சென்டரை ஒட்டி அது கட்டப்பட்டிருக்கிறது. சூட் அறை என்றால் இரண்டு படுக்கையறை, நடுவில் சோபா போட்ட கூடம், டீ போட்டுக்கொள்ள ஒரு மேடை. கூடத்து ஜன்னலில் நின்றால் கன்வென்ஷன் சென்டரின் கூரை தெரியும். குழந்தைக்கு என்று நாங்கள் ஒதுக்கிய அறையின் ஜன்னலில் நின்றால், சாலைக்கு அந்தப் பக்கம் தீம் பார்க்கின் சறுக்கு மரங்கள் நீலமும் மஞ்சளுமாக வளைந்து வளைந்து இறங்குவது தெரியும். தம்பி அந்த ஜன்னலுக்காகத்தான் அந்த அறையை எடுத்தான். காலைச் சாப்பாட்டில் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் வைத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் பெயர் எழுதிய அட்டைகளை நிறுத்தியிருந்தார்கள். பரிமாறியவர் என்னைப் பார்த்ததும், "இன்னும் ரெண்டு வைக்கட்டா, நல்லாச் சாப்புடுங்க, எங்குட்டுலருந்து வாரீக?" என்று விசாரித்தார். நான் திருப்பத்தூர், தம்பி பக்கத்தில் நாச்சியாபுரம் என்றதும், இவ்வளவு கிட்டத்தில் வீட்டை வைத்துக்கொண்டு இங்கே வந்து ஏன் தங்குகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். கேட்கவில்லை. அதையும் அந்த விடுதியின் நல்ல குணமாகத்தான் சொல்ல வேண்டும்.

குழந்தையின் அம்மா எங்கள் தாய்மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பே என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள், விவாகரத்துக்குப் பிறகும் நான் அவளுக்கு மதினிதான். கோர்ட்டு எதைப் பிரித்தாலும் அதைப் பிரிக்க முடியாது. அவள் டாக்டருக்குப் படித்தாள், மேல்படிப்பும் படித்தாள். தம்பி காரைக்குடி செக்காலை ரோட்டில் மோட்டார் பம்புசெட் கடை வைத்திருந்தான். அவள் படிப்புக்கு ஏற்ற வேலை சென்னையில் கிடைத்தது. இவனும் கடையை ஆள் பார்த்து விட்டுவிட்டுப் போய் இருந்து பார்த்தான். அங்கே அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. இவன் திரும்பி வந்தான், அவளால் வர முடியவில்லை. பேச்சு குறைந்தது, கோபம் கூடியது, கடைசியில் கோபமும் இல்லாமல் போனது. அப்போது குழந்தை மழலை பேசிக்கொண்டிருந்தாள். யார் மீது தப்பு என்று ஊரில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித் தருகிறவள் நான். எதற்கும் ஒரு விடை இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவள். இதற்கு விடை எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கன்வென்ஷன் சென்டரில் நடந்த டாக்டர்கள் மாநாடு ஒன்றுக்காக அவள் காரைக்குடிக்கு வந்தாள். லீவு நாளாக இருந்ததால் குழந்தையையும் கூட்டி வருவதாகவும், மாநாடு முடியும் வரை அப்பாவோடு இருக்கட்டும் என்றும், நானும் கூட இருந்தால் தனக்கு நிம்மதி என்றும் எனக்குப் போன் செய்து சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். அவள் மறுமணம் செய்துகொண்டிருந்த என்ஜினீயர் ஆஸ்திரேலியாவுக்கு முன்னால் போய்விட்டார். அவளும் குழந்தையும் பின்னால் போக வேண்டும். அதற்குத் தம்பியின் சம்மதம் வேண்டும். மாநாடு முடிந்ததும் நேரில் வந்து கேட்கிறேன், நீங்கள் முன்கூட்டி அவரிடம் சொல்லிவையுங்கள் என்றாள். நான் தம்பியிடம் சொன்னேன். சொன்ன கையோடு, மாட்டேன் என்று சொல்லிவிடு என்றும் சொன்னேன். உன்னிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் கொடுத்துவிடாதே என்று வழியெல்லாம் காரில் சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் காரை ஓட்டியபடி கேட்டுக்கொண்டு வந்தான். பின் சீட்டில் அவன் வாங்கி வைத்திருந்த பை கிடந்தது. குழந்தைக்கு நீச்சல் உடுப்பு, சாக்லேட், ஒரு தொப்பி.

நீச்சல் உடுப்பு பொருந்தவில்லை. நான்கைந்து வயதுப் பிள்ளை போடுகிற அளவு அது. கடைக்காரர் வயசு கேட்டபோது சரியாகத்தான் சொன்னேன் என்றான் தம்பி. கையால் உயரம் காட்டியிருப்பான் என்று நினைக்கிறேன். அவன் மனதில் இருந்த உயரம் அது. குழந்தை, "பரவாயில்லை, நான் கொண்டு வந்திருக்கேன். தேங்க்யூ" என்றாள். எதற்கும் ஒரு தேங்க்யூ சொன்னாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், கதவைத் திறந்துவிட்டால், டி.வி. போட்டுவிட்டால், எல்லாவற்றுக்கும். அடம் பிடிக்கவில்லை, சிணுங்கவில்லை, எதுவும் வேண்டும் என்று கேட்கவில்லை. அவள் ஒரு தடவையாவது எரிந்து விழுந்திருந்தால் தம்பி சந்தோஷப்பட்டிருப்பான்.

தீம் பார்க்குக்குக் காலையிலேயே போனோம். தண்ணீரைக் கண்டதும் குழந்தை கொஞ்சம் கலகலப்பானாள். சின்னச் சறுக்குகளில் மறுபடி மறுபடி ஏறி இறங்கினாள். தம்பி பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, கீழே விழுகிற இடத்தில் அவளுக்காக நின்றான். அவள் இறங்கி வரும்போதெல்லாம் கைதட்டினான். மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கைதட்டியதால் அவனைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. அவளும் அதைப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் காலைப் பொழுதுக்கு மட்டும் என்றால் எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் போடலாம்.

பிறகு அந்தப் பெரிய சறுக்கில் ஏறினாள். ஜன்னலில் தெரிந்ததே, அந்த மஞ்சள் சறுக்கு. ஏறும்போது தைரியமாகத்தான் ஏறினாள். உச்சிக்குப் போய் எட்டிப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வரிசை நின்றது. மேலே வேலைக்கு நின்ற பெண் என்னவோ சொல்லித் தேற்றுவது தெரிந்தது, குழந்தை தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். தம்பி படிக்கட்டுக்கு ஓடினான். காவலாளி கையை நீட்டி மறித்தார். "இந்த உடுப்போட மேல விட மாட்டாக சார். வழுக்கிரும். மேல நிக்கிற எங்க புள்ளயே எறக்கிக் கூட்டியாந்துரும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. தம்பி, என் மகள் என்றான். தெரியுது சார், கொஞ்சம் பொறுங்க என்றார் அவர்.

அப்போது குழந்தை அழ ஆரம்பித்தாள். "டாடி! டாடி!" என்று கத்தினாள். தம்பி சட்டென்று பின்னால் நகர்ந்து, அவள் கண்ணில் படும்படியாக வெட்டவெளியில் போய் நின்று கையைத் தூக்கினான். "இந்தா இருக்கேன் தாயி. பயப்படாத. இந்தா கீழதான் நிக்கிறேன்" என்று குரல் கொடுத்தான். அவள் கீழே பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு மேலே வேறெங்கோ பார்த்து மறுபடியும் டாடி என்று அழுதாள். தூக்கிய கையை உடனே இறக்க அவனுக்குத் தோன்றவில்லை. அது அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. எனக்குப் புரிந்தபோதே அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண் குழந்தையைப் படி வழியாகவே இறக்கிக் கூட்டி வந்தாள். உதடு நீலமாகி நடுங்கிக்கொண்டு வந்து நின்றாள். தம்பி துண்டை விரித்து நீட்டினான். வாங்கிப் போர்த்திக்கொண்டு தேங்க்யூ என்றாள். பிறகு என்னிடம், "அத்தை, உங்க போன்ல டாடிகிட்ட ஒரு நிமிஷம் பேசட்டுமா?" என்று கேட்டாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் என் கையிலிருந்து போனை வாங்கினான். "நம்பர் தெரியுமா தாயி?" என்றான். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. அவள் சொல்லச் சொல்ல அவனே அழுத்தினான். ஒரு தடவை தப்பாகப் போய் மறுபடியும் அழுத்தினான். மணி அடித்து, அந்தப் பக்கம் ஒரு ஆணின் குரல் ஹலோ என்றதும் போனை அவள் காதில் வைத்துவிட்டு, ஐஸ்கிரீம் கடைப் பக்கம் நடந்து போனான். என்ன பேசினார்களோ, கொஞ்ச நேரத்தில் குழந்தை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவன் நின்ற இடம் வரைக்கும் கேட்டிருக்கும்.

அறைக்கு வந்ததும் குழந்தை தூங்கிப் போனாள். கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து நான் மறுபடியும் ஆரம்பித்தேன். அவள் வந்து கேட்டால் யோசிக்காமல் மாட்டேன் என்று சொல், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவன் படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "மாட்டேன்னு சொன்னா பாப்பா எங்கிட்ட வந்துருமாக்கா?"

தடுப்பதற்கு அவனிடம் அதிகாரம் இருந்தது. அதை வைத்து அவன் செய்ய முடிந்தது, குழந்தையை எங்கேயும் போகவிடாமல், தன்னிடமும் வரவழைக்காமல் நிறுத்தி வைப்பது மட்டும்தான்.

மாலையில் மாமா மகள் வந்தாள். கழுத்தில் மாநாட்டு அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். "நல்லாருக்கீகளா மதினி?" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சென்னையில் எத்தனை வருஷம் இருந்தும் எங்கள் ஊர்ப் பேச்சு அவளிடம் போகவில்லை. குழந்தைக்குத்தான் அது வரவே இல்லை. எதிரே இருந்த தம்பியிடம் அவள் பேசத் தொடங்கினாள். அங்கே நல்ல பள்ளிக்கூடம் பார்த்திருப்பதாகவும், வாரம் தவறாமல் பேச வைப்பதாகவும், ஆண்டு லீவுக்குக் கட்டாயம் கூட்டி வருவதாகவும் சொன்னாள். நிறையத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள் என்பது தெரிந்தது. பாதியிலேயே தம்பி, "கூட்டிட்டுப் போ" என்றான். அவளுக்கு அது முதலில் விளங்கவில்லை, சொல்லிக்கொண்டு வந்ததையே தொடர்ந்தாள். அவன் இன்னொரு தடவை சொன்னான். அப்புறம்தான் நிறுத்தினாள். நிறுத்தியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எழுந்து போய் அந்தச் சின்ன மேடையில் மூன்று பேருக்கும் டீ போட்டான். சர்க்கரை எவ்வளவு என்று அவளிடம் கேட்காமலே போட்டான். அவளும் கேட்காமலே குடித்தாள்.

வாரம் தவறாமல் பேச வைப்பேன் என்றதை அவள் காப்பாற்றுகிறாள். லீவுக்கு வருவதுதான் நடக்கவில்லை. ஒரு தடவை விசா, ஒரு தடவை அவள் வேலை, ஒரு தடவை குழந்தைக்கே வர விருப்பமில்லை. எல்லாம் உண்மையான காரணங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ அழைப்பு என் போனுக்கு வரும். ஆரம்பத்தில் அப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள், யாரும் மாற்றவில்லை. தம்பி குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு திருப்பத்தூருக்கு என் வீட்டுக்கு வருவான். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, என்ன பாடம் நடக்கிறது என்று கேட்பான். அவள் பதில் சொல்வாள். விடுதியிலும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவள் அவனை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. நீங்க என்பாள், அவ்வளவுதான். அவன் அதைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நாச்சியாபுரம் பக்கம் ஒருவர் தோட்டத்தில் ஆழ்குழாய்க்குள் மோட்டார் விழுந்துவிட்டது என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். குழந்தை வழக்கத்தைவிடச் சீக்கிரம் கூப்பிட்டாள். தோழி பிறந்தநாளுக்குப் போக வேண்டுமாம். இப்போது அவள் தமிழில் வெள்ளைக்காரச் சாயல் ஏறிவிட்டது. என் பின்னால் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு, "அத்தை, அப்பா இல்லையா?" என்று கேட்டாள். இப்போது வந்துவிடுவான், இரு என்றேன். அவளால் இருக்க முடியவில்லை. கார் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

சட்டையெல்லாம் சேறும் கிரீசுமாகத் தம்பி வந்து சேர்ந்தான். திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தோம், எடுக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். கை கழுவப் போனவன் குழாயடியில் நின்றுவிட்டான்.

"அப்பான்னா சொல்லுச்சு?"

ஆமாம் என்றேன்.

"எப்படிச் சொல்லுச்சு?"

வகுப்பில் கத்திக் கத்திக் கரகரத்துப் போன தொண்டை என்னுடையது. அதை வைத்துக்கொண்டு அவள் சொன்ன மாதிரியே, அந்த ஊர் இழுவையோடு சொல்லிக் காட்டினேன். எனக்கே அது அவள் குரல் மாதிரி இல்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். தண்ணீர் கையில் விழுந்துகொண்டே இருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுக்கா" என்றான்.

சொன்னேன்.