திங்கட்கிழமை வராத தலைவலி

தெருவில் அவளுக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர். இஸ்திரிக்கு வரும் சட்டையை ஓர் உதறு உதறினால் போதும், சட்டைக்காரர் மதியம் என்ன சாப்பிட்டார் என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குத் தன் வீட்டு மர்மம் மட்டும் பிடிபடவில்லை. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து காலையில் எழுந்தால் அவளுக்கும் கணவனுக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தது.

"பனி தலையில இறங்கிடுச்சு" என்றான் கணவன். ஜன்னல் இடுக்கிலெல்லாம் கந்தல் துணியைத் திணித்தான். வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

அவள் சும்மா இருப்பாளா? திங்கட்கிழமை மட்டும் தலை லேசாக இருந்தது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. பனிக்கு வார லீவு உண்டா என்ன? ஞாயிற்றுக்கிழமை லீவு, வீட்டு வாசலில் இருந்த அவர்கள் இஸ்திரிக் கடைக்குத்தான். மற்ற நாட்களில் இஸ்திரிப் பெட்டியில் மிஞ்சும் கரிக்கங்கை, வீணாக்குவானேன் என்று சட்டியில் கொட்டிப் படுக்கிற அறையில் வைத்துவிடுவான் அவன்.

அன்று மாலை நாத்தனார் கைக்குழந்தையோடு தங்க வந்திருந்தாள். "என் மருமகனுக்குக் குளிரக் கூடாது" என்று கணவன் சட்டி நிறையக் கங்கோடு உள்ளே போனான். அந்த நேரம் பார்த்து, துணி வாங்க ஒரு நர்ஸ் வந்தாள்.

"ஏங்க, புகையே இல்லாத கங்கு தலைவலி கொடுக்குமா?" என்று அவளிடம் கேட்டாள் சி.ஐ.டி.

நர்ஸ் துணியை அப்படியே மேசையில் வைத்துவிட்டாள். "ரூமைச் சாத்திட்டா வைக்கிறீங்க? அதுல வர்ற விஷவாயு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும்."

சி.ஐ.டி. உள்ளே ஓடிச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். திணித்த கந்தலைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? பச்சைப் பிள்ளை நடுங்கும்!"

"கம்பளி எதுக்கு இருக்கு? போர்த்துங்க. நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

விடியும் முன்பே குழந்தை வீறிட்டது. "மனுஷனைத் தூங்க விடுதா பாரு" என்று முணுமுணுத்தபடி கணவன் எழுந்து உட்கார்ந்தான். தலையைத் தொட்டுப் பார்த்தான். வலி இல்லை.

"இன்னைக்குத் திங்கட்கிழமையா?" என்றான்.

"வெள்ளிக்கிழமை" என்றாள். குழந்தை இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்காமல் விடிந்திருந்தால் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.