காற்றில்லாத நேரத்து வாயு

ஆலையில் அவரை எல்லோரும் ‘நிறுத்தாத அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். முன்பு அவர் வேலை பார்த்த காஸ்டிக் சோடா தொழிற்சாலையில், உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சும் செல்களை லேசில் நிறுத்த மாட்டார்கள். அடிக்கடி நிறுத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்பு கெட்டுப்போகும். அங்கே வெளிவரும் ஹைட்ரஜன் யாருக்கும் வேண்டாத பொருள்; குழாய் வழியாக வானத்தில் விட்டுவிடுவார்கள்.

அந்தத் தொழிற்சாலையை மூடிய பிறகு, காற்றாலைகளுக்கு நடுவே புதிதாக எழுந்த ஹைட்ரஜன் ஆலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். இங்கேயும் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் செல்கள்தான்; ஆனால் அங்கே வீணாய்ப் போனது இங்கே சரக்கு. வாங்குவது ஒரே ஓர் உரக் கம்பெனி. மற்ற ஹைட்ரஜனைவிட நல்ல விலை கொடுக்கிறது, ஆனால் நிபந்தனை கறாரானது. வாயு உண்டாகும் அதே மணி நேரத்தில் காற்றாலை மின்சாரம் வந்திருக்க வேண்டும். காற்று நின்றால் பொது லைனிலிருந்து நிலக்கரி மின்சாரம் தானாகப் புகுந்துவிடும். அதில் செய்த வாயு கொஞ்சம் கலந்தாலும் தொட்டி முழுவதற்கும் ‘காற்றில் செய்தது’ என்ற சான்றிதழ் கிடையாது. வாயுவைச் சோதித்து வித்தியாசம் காண முடியாது, மின்சார மீட்டர்தான் காட்டிக்கொடுக்கும்.

ஒரு மதியம் அவருடைய கொழுந்தன் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்தான். ஆலையின் எலக்ட்ரீஷியன், அவர் சொல்லித்தான் வேலை கிடைத்தது. வீட்டில் கைக்குழந்தை.

“அண்ணி, வெளிய எட்டிப் பாத்தீங்களா?”

“ஏன், மழையா?”

“ஒரு காத்தாடி கூட சுத்தல. நம்ம செல் மட்டும் ஓடுது.”

“கொறச்சுதான் வெச்சிருக்கேன். காத்து வந்ததும் ஏத்திக்கலாம்னு.”

“எப்பலேந்து?”

சாப்பிட உட்காரும்முன் குறைத்தது. நிறுத்தும் பொத்தானை நோக்கிக் கையே போகவில்லை. அத்தனை வருடப் பழக்கம். தொட்டிக்குப் போகும் வால்வும் திறந்தே இருந்தது. உள்ளே அந்த வாரம் முழுக்கக் காற்றில் செய்த வாயு. அதில் இப்போது நிலக்கரி மின்சாரத்தில் செய்ததும் கலந்துவிட்டது.

“மெஷின கொஞ்சுவீங்கன்னு தெரியும். எங்க சோத்துல கை வைப்பீங்கன்னு தெரியாது” என்றான் கொழுந்தன். கேலியாகத்தான் ஆரம்பித்தான், முடிக்கும்போது அது கேலியாக இல்லை.

அக்கா போய்ச் சொன்னதும் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “மீட்டர் ரிப்பேர்னு சொல்லிக்கலாம். வாயு மேல எழுதியா ஒட்டியிருக்கு?”

“சார், இது தெரிஞ்சா ஒரு தொட்டி போகும். மறைச்சது தெரிஞ்சா, இதுவரைக்கும் குடுத்த எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. அப்புறம் இந்த வெலைக்கு வேற யாரு வாங்குவா?”

“சொன்னா மட்டும் விட்டுருவாங்களாம்மா?”



மறுநாள் சான்றிதழ் சோதனைக்கு ஒரு பெண் வந்தார். மீட்டர் பெட்டியருகே அக்கா தானே போய் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

“நீங்க சொல்லலைன்னாலும் மீட்டர் சொல்லியிருக்கும்மா. சொன்னதையும் சேத்து எழுதிக்கிறேன். முடிவு உரக் கம்பெனி கையில.”

அந்தத் தொட்டி சாதாரண விலைக்கு ஒரு கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போயிற்று. உரக் கம்பெனி ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. இன்னொரு தடவை காற்றில்லாத வாயு வந்தால் முறியும் என்று சொல்லி அனுப்பியது. மேனேஜர் அந்த எச்சரிக்கையை அக்காவிடம் மட்டும்தான் படித்துக் காட்டினார். அவர் கொழுந்தனிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே காற்று மறுபடியும் நின்றது. அக்கா வால்வை மூடினார், செல்லை நிறுத்தினார். இரைச்சல் அடங்கியதும் அறையில் தன் மூச்சு கேட்டது. நின்ற செல் திரும்ப ஒழுங்காக ஓடுமா என்பது ஒரு பயம். காற்று எப்போது வரும் என்பது இன்னொன்று.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “ஷிஃப்ட் முடிஞ்சிருச்சு அண்ணி. கெளம்பலயா?”

“நீ போ. குழந்தை தேடும். இது திரும்ப ஓடுறதப் பாக்காம என்னால வர முடியாது.”

அவன் போகவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். இருவரும் ஜன்னல் வழியே, சுற்றாமல் நின்ற காற்றாலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.