கறுப்பு வண்டிக்கு ஒட்டிய பிலிம்

கணியம்பாடி பச்சையப்பனுக்கு மூன்றும் பெண்கள். பெரியவளை விரிஞ்சிபுரத்தில் கொடுத்தார், நடுவிலவளை வாலாஜாபேட்டையில் கொடுத்தார். கடைக்குட்டி விஜயகுமாரி வாழ வந்தது ஆம்பூருக்கு. மாப்பிள்ளை வேலாயுதம் அந்நியமில்லை, பச்சையப்பனின் அத்தை மகனுக்கு மகன். ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம்மை ஓட்டுகிற வேலை. தோல் பதனிடுகிற இடத்தை ஆம்பூரில் ஷாப்பு என்றுதான் சொல்வார்கள். கல்யாணத்துக்கு வந்த பெண்வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள் என்று வேலாயுதத்தின் சித்தி ரொம்ப காலம் குத்திக்காட்டினாள். விஜயகுமாரிக்கோ அந்த வாசனை சீக்கிரமே பழகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் கழிவுத் தண்ணீர் வழக்கில் கோர்ட்டு உத்தரவு வந்து ஷாப்புகளைப் பூட்டினார்கள். சிலது மறுபடி திறந்தது, சிலது திறக்கவேயில்லை. வேலாயுதத்தின் ஷாப்பு திறக்காத வகை. அவன் கிடைத்த வேலைக்குப் போனான். விஜயகுமாரி ஷூ கம்பெனிக்குப் போனாள். போன இடத்தில் அவள் கைக்கென்று ஒரு வேலை காத்திருந்தது.

முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும் கறுப்புத் தோலில் பெண்கள் போடுகிற ஷூ அங்கே தயாரானது. அந்தத் தோலில் நகம் பட்டால் போதும், கோடு விழுந்துவிடும். அதனால் தைத்த மேல்தோலைப் பாத வடிவக் கட்டையில் மாட்டி மெஷினில் இழுப்பதற்கு முன்னால், கண்ணாடி மாதிரி ஒரு பிலிமை அதன் மூக்கில் ஒட்டிவிட வேண்டும். ஷூ முழுசாகி, பெட்டியில் வைக்கிறபோது உரித்துவிட வேண்டும். ஒட்டுகிறதும் விஜயகுமாரி, உரிக்கிறதும் விஜயகுமாரி. நுனியில் வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் விறைப்பாக இழுத்து, ஓரத்தை அடியில் மடித்து ஒரே அழுத்து. சுருக்கம் என்கிற பேச்சே இருக்காது. புதுசாக வருகிற பெண்களை சூப்பர்வைசர் அவள் மேஜைக்கு அனுப்பி வேடிக்கை பார்க்கச் சொல்வார்.

பக்கத்து மேஜை சைரா. வயதில் மூத்தவள், அதனால் சைராக்கா. அவள் வீட்டுக்காரர் சர்தார் பாஷா ஒரு ஷாப்பு முதலாளியிடம் கார் ஓட்டியவர். அந்த ஷாப்பும் பூட்டிய பிறகு வருஷக்கணக்கில் யார் கூப்பிட்டாலும் போய் அவர்கள் வண்டியை ஓட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சைராவின் பேச்சு ஒன்றேதான்.

"சொந்தமா ஒரு வண்டி இருந்தா அந்த மனுசன் நிமிந்து நடப்பாரு விஜி."

இரண்டாயிரத்து மூன்றில், கடன்பட்டு, சொந்தமாகவே அந்த வண்டி வந்தது. கறுப்பு நிறம், புத்தம் புதுசு. ஷூ கம்பெனிக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வருவார்கள், அவர்களைச் சென்னை ஏர்போர்ட்டிலிருந்து ஆம்பூருக்குக் கூட்டிவர ஒரு கார் வேண்டும். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற ஆபீசர் சொல்லிவிட்டார்: "திங்கக்கெழம வண்டிய கொண்டாந்து காட்டு பாய். ஒரு கீறல் இருந்தாலும் நம்ம கம்பெனிக்கு ஆவாது. வேற ஆளு ரெடியா நிக்கிறான்."

சர்தார் பாஷாவுக்கு அது வெறும் சவாரி இல்லை. ஐம்பதைத் தாண்டியவர், இது தவறினால் மறுபடியும் பிறத்தியார் வண்டிதான். ஆனால் அந்த வருஷங்களில் பெங்களூர் ரோட்டை நாலு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வாலாஜா தொடங்கி வாணியம்பாடி வரைக்கும் ஜல்லி லாரி. முன்னால் போகிற லாரியின் டயர் எத்துகிற கல் நேராகப் பின்னால் வருகிற காரின் முகத்தில் அடிக்கும்.

சைராதான் ஆரம்பித்தாள். "நம்ம கம்பெனிக்கு பிலிம் கொண்டாற ஆளு கிட்ட காருக்கு ஒட்றதுக்குன்னே கெட்டியா ஒரு பிலிம் இருக்காம். பாரின்ல ஒட்றாங்களாம். துண்டு ரோல் ஒண்ணு குடுக்கறேன்றான். நீ ஒட்டிக் குடேன்."

"காருக்கா? நானா?"

"ஷூ மூக்குக்கு ஒட்ற கைக்கு கார் மூக்கு எம்மாத்தரம்?"

அந்த வார்த்தை விஜயகுமாரிக்குப் பிடித்திருந்தது. ராத்திரி வேலாயுதத்திடம் சொன்னபோது அவன் சிரித்தான். "கார உன் மேஜ மேல தூக்கி வெப்பாங்களா, நீயே ஏறி உக்காந்துப்பியா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்தார் பாஷா வண்டியைத் தெருமுனைக் காலி மனையில் வேப்பமர நிழலில் நிறுத்தினார். விஜயகுமாரி பானெட்டைத் துணியால் துடைத்தாள். சைரா ஒரு பக்கம் பிடிக்க, இவள் நுனியில் ஒட்டி, ஷூவுக்கு இழுப்பதைப் போலவே விறைப்பாக இழுத்து இழுத்துத் தேய்த்துக்கொண்டே மேலே போனாள். ஒரு சுருக்கம் இல்லை. சர்தார் பாஷா குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் போய்ப் பார்த்தார்.

"ஒட்டியிருக்குதா இல்லையான்னே தெரியிலம்மா. பலே!"

டீ வந்தது. விஜயகுமாரி காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்தாள். கம்பெனியில் அவள் ஒட்டியதெல்லாம் அன்றைக்கே உரிகிற பிலிம். அந்த ஷூ எந்த ஊர்க்காரி காலில் போய்ச் சேர்கிறதோ, ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த வண்டி இதே தெருவில் போகும், வரும். தன் கைவேலையைத் தினமும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நிழல் நகர்ந்தது. உச்சி வெயில் பானெட்டின் மேல் ஏறியது. கறுப்பு இரும்பு கை வைக்க முடியாமல் கொதித்தது. முதலில் ஒரு மூலை மெல்ல எழும்பியது. விஜயகுமாரி கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்ததும் எழும்பியது. அடுத்து விளக்குப் பக்கத்து ஓரம், அதற்கடுத்து நடுவில் ஒரு கொப்புளம். இழுத்து ஒட்டிய பிலிம் சூட்டில் தன் பழைய அளவுக்குத் திரும்பச் சுருங்கிக்கொண்டிருந்தது. எழும்பிய ஓரத்தில் தெருப் புழுதி போய் ஒட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புது வண்டியின் முகம் கொதித்த பாலின் ஆடை மாதிரி சுருக்கம் சுருக்கமாக ஆகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஷூவில் இழுத்த ஓரம் அடியில் மடிந்து மாட்டிக்கொள்ளும். காரில் ஓரம் போய் மாட்டிக்கொள்ள ஓர் இடமும் இல்லை.

"யா அல்லா, நாளைக்கி காத்தால காட்டணுமே" என்று சைரா தலையில் கை வைத்தாள். சர்தார் பாஷா எழும்பிய ஓரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர் திட்டியிருந்தால்கூட விஜயகுமாரிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நவுருங்க பாய், உரிச்சிட்றேன்" என்றாள்.

உரிக்கிற வேலை அவளுக்கு அத்துப்படி. அவசரக்காரி மேல்நோக்கி வெடுக்கென்று இழுப்பாள், தோலின் பளபளப்பும் கூடவே வந்துவிடும். விஜயகுமாரி பிலிமை அதன் மேலேயே படிய மடக்கி, பானெட்டை ஒட்டினாற்போல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்தாள். பெயின்ட் வரவில்லை. ஆனால் இழுத்து ஒட்டிய இடங்களில் பசை கோடு கோடாகத் தங்கிவிட்டது.

சைரா வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு பாட்டில் கொண்டுவந்தாள். "தின்னர். கம்பெனியில பசைக்கி இதானே போட்றோம்? ஒரு தொட தொடச்சா போய்டும்."

விஜயகுமாரியின் கை பாட்டிலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. "வேணாங்க்கா. தின்னர் தோலுக்கு இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும். இது தோல் இல்ல. காலையிலயும் தோல்னுதான் நெனச்சேன்."

கம்பெனியில் பசையைத் தேய்த்து எடுக்கிற கிரேப் ரப்பர் கட்டி ஒன்று சைரா வீட்டில் இருந்தது. அதை வைத்து இரண்டு பேரும் பொழுது சாயும்வரை தேய்த்தார்கள். பசை உருண்டை உருண்டையாகத் திரண்டு வந்தது. எல்லாம் சுத்தமாகப் போய், கடைசி ஓரத்தில் இடது விளக்குப் பக்கம், ரப்பரில் சிக்கிய ஒரு மணல் கரகரவென்று சத்தம் போட்டது. கையை எடுத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு மயிரிழைக் கோடு.

சைரா அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. விஜயகுமாரி நேராக சர்தார் பாஷாவிடம் போனாள்.

"பாய், இங்க ஒரு கோடு வுழுந்துட்ச்சி. என் கையாலதான்."

அவர் வந்து பார்த்தார். விரலால் தடவினார். மசூதியில் மாலை பாங்கு ஒலித்தது. "தொழுதுட்டு வர்றேன்" என்று போய்விட்டார்.

அன்று ராத்திரி விஜயகுமாரி சோற்றுத் தட்டை ஒதுக்கிவைத்தாள். இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடித்த மனுஷனின் சவாரி, கேட்காமலே கிடைத்த ஒரு புகழ்ச்சிக்குத் தான் மயங்கியதால் போகப்போகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. இனிமேல் அந்த வண்டிப் பக்கமே போவதில்லை என்று வேலாயுதத்திடம் சொன்னாள். அவன் அன்று கேலி பண்ணவில்லை.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் கறுப்பு வண்டி நின்றது. ஜன்னல் வழியாக சைராவும் விஜயகுமாரியும் எட்டிப்பார்த்தார்கள். ஆபீசர் வண்டியைச் சுற்றி வந்தார். இடது விளக்கருகே நின்றார்.

"இது இன்னா பாய்?"

"நேத்து தொடைக்கும்போது வுழுந்துச்சி சார்."

சர்தார் பாஷா யார் பெயரையும் சொல்லவில்லை. ஆபீசர் குனிந்தவர் நிமிர்ந்து, பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். கடையிலிருந்து வந்தபடியே சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறை சடசடவென்று சத்தம் போட, அவர் வழுக்கிக்கொண்டு அந்தக் கதவுப் பக்கம் போய்விட்டார்.

"யோவ் பாய்! மொதல்ல இத்தக் கழட்டு. பாரின்காரன் ஏர்போர்ட்லேர்ந்து ஆம்பூர் வரைக்கும் இப்டி வழுக்கினே வந்தான்னா ஆர்டர் குடுப்பானா? அந்தக் கோட்டுக்கு பாலிஷ் போடு, போய்டும். வியாழக்கெழம ஏர்போர்ட்டுக்குப் போ. ஆனா சொல்லிட்டேன், மூஞ்சி இப்டியே இருக்கணும். அம்மத் தழும்பு மாதிரி ஆயிட்ச்சின்னா வண்டிய மாத்திடுவேன்."

சைரா முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். விஜயகுமாரிக்கு ஆபீசரின் கடைசி வார்த்தைதான் காதில் நின்றது.

வியாழக்கிழமை போன வண்டி திரும்பியபோது பானெட்டின் முன்விளிம்பில் வெள்ளையாக இரண்டு புள்ளி. பள்ளிகொண்டா தாண்டி ஜல்லி லாரி. இப்படியே போனால் ஆபீசர் சொன்னது நடந்துவிடும் என்று விஜயகுமாரிக்குத் தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் லீவு போட்டு வேலூர் பஸ் ஏறினாள். கார் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டுகிற கடை ஒன்றின் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தாள். கடைக்காரர் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வேணும்?"

"நீங்க ஏன் தண்ணி அடிக்கிறீங்கன்னு கேக்கணும்."

"ஷாம்பு தண்ணிம்மா. அதுமேல பிலிம் மெதக்கும், நவுத்தி நவுத்தி எடத்துல வெக்கலாம். அப்றம் தண்ணியத்தான் தள்ளணும், பிலிம இழுக்கக் கூடாது. இழுத்தா அது பேஜார்."

கேட்டுக்கொண்டு ஊர் திரும்பினாள். தானாகப் போய்ச் சொல்லத்தான் வாய் வரவில்லை. இரண்டு நாள் கழித்து சர்தார் பாஷாவே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் மிச்ச ரோல்.

"பானெட் முழுசுக்கும் வராதும்மா. முன்னால ஓரத்துக்கு மட்டும் வரும். ஒட்டிக் குடு."

"பாய், என் கையால இன்னா ஆச்சின்னு பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். கோடு வுழுந்தத நீதான வந்து சொன்ன. வேற கைய நான் எங்க போய்த் தேடறது?"

இந்தத் தடவை வெயில் இறங்கின பிறகு வேலை நடந்தது. வேலாயுதம் வாளி தூக்கினான். பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் ஷாம்புவைக் கலந்து சைரா பீச்சினாள். விஜயகுமாரி பிலிமை மேலே மிதக்கவிட்டாள். இரண்டு கட்டைவிரலும் தாமாகவே ஓரத்துக்குப் போய் இழுக்கப் பார்த்தன. எத்தனை வருஷப் பழக்கம்! விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து தண்ணீரை மட்டும் வெளியே தள்ளினாள். பார்வைக்குச் சுமார்தான். அங்கங்கே பிலிமுக்கு அடியில் தண்ணீர்ப் பொட்டு தெரிந்தது. அது தானாகக் காயும் என்று வேலூர்க்காரர் சொல்லியிருந்தார்.

அடுத்த ஏர்போர்ட் சவாரிக்கு முன்னால் சர்தார் பாஷா வண்டியைக் கம்பெனி வாசலில் மத்தியான வெயிலில் வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார். கம்பெனி சாப்பாட்டு நேரத்தில் விஜயகுமாரி செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்து பார்த்தாள். பானெட் சுட்டது. விளிம்பின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நகத்தால் தடவிக்கொண்டே போனாள். ஓரம் எங்கேயும் எழும்பவில்லை.

"போய்ட்டு வாங்க பாய்" என்றாள்.