ஓட்டுநரின் இடது கை

கடையில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். வைத்தவர் அக்காள் புருஷன், கடையும் அவருடையதுதான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஆள் வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். கண் மட்டும் குனியாது.

பழைய வீடியோ கேம்களை இன்றைய கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர் பெட்டிகளை அங்கே விற்றார்கள். ஆடுவதற்குக் கையில் பிடித்து இயக்கும் கன்ட்ரோலர் வேண்டுமே! யார் கேட்டாலும் அத்தான் நீட்டுவது ஒன்றே ஒன்றைத்தான்: கட்டைவிரலால் அசைக்க இரண்டு குட்டைக் குச்சி வைத்து, விளக்கு மினுக்குவது. பாதி திரும்பி வந்துவிடும். வந்ததைப் பஞ்சால் துடைத்து வைப்பது அவள் வேலை. துடைக்கத் துடைக்க ஒன்று புரிந்தது. குச்சிகள் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கும். கூட்டல் குறி மாதிரியான திசைப் பட்டனில்தான் விரல் அழுக்கு அப்பியிருக்கும். பழைய ஆட்டங்களுக்குக் குச்சி எதற்கு? இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டால்தானே!

அன்று பேருந்து ஓட்டுநர் ஒருவர் மூன்றாம் முறையாகப் படியேறி வந்தார். முதலில் குச்சி வைத்ததை வாங்கித் திருப்பினார். அடுத்து அவரே கேட்டு வாங்கிப் போனது, திசைப் பட்டன் மட்டும் உள்ள சின்னது. இப்போது அதுவும் மேசைமேல் வந்து விழுந்தது.

“சின்ன வயசுல வீடியோ கேம் கடையில நின்னுகிட்டு ஆடின விமான ஆட்டம் சார். அஞ்சாவது கட்டத்தை இன்னிக்கு வரைக்கும் தாண்டலை. குறுக்கால போன்னா நேரா போய் மோதுது. கோளாறு என் விரல்லயா, உங்க சாமான்லயா?”

அத்தான் முகம் கடுகடுத்தது. அவள் பக்கம் திரும்பினார். “இவரும் வெறுங்கையோட போனா, நாளையிலேர்ந்து இங்க போன் கவர்தான் விப்பேன். நீ அக்காவுக்குத் துணையா வீட்டுல இரு.”

உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அந்த மேசை ஒன்றுதான்.

அத்தான் ஓட்டுநர் நீட்டிக் காட்டிய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள். அது மேசையிலிருந்த பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, பேச்சோடு பேச்சாக முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டிருந்தது. கியர் போட்டுப் பழகிய கை.

விறுவிறுவென்று மூலைக்குப் போனாள். அங்கே மேசை விசிறிக்கு முட்டுக்கொடுத்திருந்த பெட்டியை உருவினாள். விசிறி தடாலென்று சாய்ந்தது.

“ஏய், ஏய்! அதை எதுக்கு எடுக்கறே? தெரியாம வாங்கித் தொலைச்ச சாமான் அது!”

செருப்புப் பெட்டி அளவு. இடப்பக்கம் உருண்டைத் தலை வைத்த ஒரு தடி, வலப்பக்கம் ஆறு பெரிய பட்டன்கள். தூசி தட்டி, ஒயரைச் செருகினாள். ஓட்டுநர் நாற்காலியை இழுத்தார்.

“உக்காராதீங்க அண்ணே,” என்றாள். தன் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நின்னுகிட்டே ஆடுங்க.”

முதல் விமானம் வெடித்தது. கண்ணாடி மேசையில் பெட்டி வழுக்கியதுதான் காரணம். அவள் ஈரத்துணியை மடித்து அடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

“இப்ப போடுங்க.”

தடி குறுக்கே சாய்ந்தது. விமானமும் சாய்ந்து, குண்டுகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. மூன்றாம் கட்டம். நான்கு. ஓட்டுநர் மூச்சு விடவில்லை, அத்தானும்தான். ஐந்தாம் கட்டத்துப் பெரிய எதிரிக் கப்பல் துண்டு துண்டாகச் சிதறியபோது ஓட்டுநர் போட்ட கூச்சலில் தெருவில் போனவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

“தாண்டிட்டேன் தங்கச்சி! எத்தனை வருஷம்! இதை யார் கேட்டாலும் தரமாட்டேன்!” பெட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். ஒயர் இன்னும் கணினியில்தான் இருந்தது.

அவர் போனபின் படியில் இன்னொருவர் ஏறிவரும் சத்தம் கேட்டது. அத்தான் கை பழக்கதோஷத்தில் விளக்கு மினுக்குவதை எடுத்தது. பாதி வழியில் நின்றது.

“இவருக்கு எதைக் கொடுக்கலாம்?”

அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

“முதல்ல ஆடச் சொல்லுங்க அத்தான். கையைப் பாத்துட்டுச் சொல்றேன்.”

முட்டு போன விசிறி தரையில் கிடந்தபடியே கூரைக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது.